உடைத்ததாக எழுதப்பட்ட கப்பல்

கப்பல் பதிவுப் பிரிவில் அவரை முற்றுப்புள்ளி என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. முகத்துக்கு நேரே 'சார்' என்பார்கள். அந்தப் பக்கம் திரும்பியதும், "முற்றுப்புள்ளி டீ குடிக்கப் போகுது" என்பார்கள். அவருக்கும் அது தெரியும். கோபமெல்லாம் இல்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

காரணம் இதுதான். கடற்படையில் இருக்கும் ஒவ்வொரு கப்பலுக்கும் அந்த அறையில் ஒரு தடித்த மஞ்சள் அட்டை உண்டு. கடலில் இறங்கிய தேதி, எங்கெங்கே போனது, எங்கே அடிபட்டது, எத்தனை நாள் பழுதுபார்த்தார்கள் என்று எல்லாம் அதில் வரிவரியாக ஏறும். அடியில் 'முடிவு' என்று ஒரு கட்டம். அதில் ஒரே ஒரு சொல்தான் வரலாம் என்பது பிரிவின் சட்டம். மூழ்கியது. விற்கப்பட்டது. உடைக்கப்பட்டது. அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்துவிட்டு நம்ம ஆள் முற்றுப்புள்ளியை ஒரு குத்து குத்துவார் பாருங்கள், அட்டை பின்பக்கம் புடைத்துக்கொள்ளும். நாலு மேசை தள்ளி இருப்பவர் தலையைத் தூக்காமலே, "ஆச்சு, ஒண்ணு போய்ச் சேர்ந்தாச்சு" என்பார். அப்புறம் அட்டை பச்சைப் பெட்டியிலிருந்து கறுப்புப் பெட்டிக்குப் போகும்.

அவர் ஒரே ஒரு அட்டையில் குத்திய புள்ளியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சட்டென்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அவர் மனைவியையும் மைத்துனனையும் தெரியாதவர்களுக்கு அது வெறும் ஆபீஸ் தப்பாகத்தான் படும்.

மனைவிக்கு ஒரே தம்பி. அம்மா போனபோது அவளுக்குப் பதினைந்து, அவனுக்கு ஆறு. தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதும், காய்ச்சல் வந்தால் விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள்தான். கல்யாணப் பேச்சு எடுத்த அன்றே முற்றுப்புள்ளியிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். "நான் தனியா வரமாட்டேன். என் தம்பியும் வருவான். சம்மதம்னா சொல்லுங்க, இல்லைன்னா இப்பவே எழுந்து போயிடுங்க." அவர் எழுந்து போகவில்லை. இரண்டு அறை வீட்டில் மூன்று பேரானார்கள். அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அந்த வீட்டில் குழந்தை அவன்தான், மீசை முளைத்த பிறகும்.

அவனுக்கு வாய் என்றால் அப்படி ஒரு வாய். "அத்தான், உங்களுக்கும் இந்த அலமாரிக்கும் ஒரே ஒரு வித்தியாசம். அலமாரி திறக்கும்" என்பான். அக்கா, "டேய், பெரியவங்ககிட்ட பேசற பேச்சா இது?" என்று கரண்டியோடு வருவாள். முற்றுப்புள்ளி பேப்பரை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் சிரிப்பார்.

போர் வந்தது. பத்தொன்பது வயதில் கடற்படையில் சேர்ந்து, இருநூற்றுப் பதினேழாம் எண் கப்பலின் கொதிகலன் அறைக்குப் போனான். அது ஃபிரிகேட் வகை. சரக்குக் கப்பல்கள் கூட்டமாகப் போகும்போது பக்கத்திலேயே காவலாக ஓடவேண்டிய சின்னப் போர்க்கப்பல். போர் அவசரத்தில் பதினான்கே மாதத்தில் அடித்துப் பிடித்துக் கட்டி இறக்கியிருந்தார்கள். முதல் வருடமே பின்பக்கத்தில் ஒரு அடி வாங்கியது. பழுதுபார்த்த பிறகும் இடது பக்கம் ஒரு சாய்வு நிற்கவே இல்லை. மாலுமிகள் அதற்கு 'சாய்ந்தாடி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "தட்டை வச்சா அது தானா நகர்ந்து இடது பக்கம் இருக்கறவன்கிட்ட போயிடுதுக்கா. அதனால நான் எப்பவும் இடது பக்கம்தான் உட்கார்றது" என்று லீவில் வந்தபோது சொன்னான்.

அந்த நாலு வருடமும் மாலை ஆறு மணிக்கு அவள் வாசலில் நிற்பாள். கப்பல்களைப் பற்றிய தகவல் எல்லாம் முதலில் பதிவுப் பிரிவுக்குத்தான் வரும். வெளியே மூச்சு விடக்கூடாது என்பது உத்தரவு. முற்றுப்புள்ளி வாழ்க்கையில் மீறிய ஒரே உத்தரவு அதுதான். செருப்பைக் கழற்றும்போதே, "கப்பல் நல்லா இருக்கு" என்பார். அவள் உள்ளே போய் உலை வைப்பாள். அடிபட்ட அன்றும் மறைக்கவில்லை. "அடிபட்டிருக்கு. கொதிகலன் அறைக்கு ஒண்ணும் ஆகல" என்றார். கடவுள் நேரில் வந்து சொல்லியிருந்தால்கூட அவள் ஒரு தடவை சந்தேகப்பட்டிருப்பாள். இவர் சொன்னால் மறுபேச்சே கிடையாது.

அட்டையில் 'கப்பல் கூட்டத்துக்குக் காவல். சேதம் இல்லை' என்று இருபத்து மூன்று வரி ஏறியது. ஒரு தடவை அந்த இருபத்து மூன்றில் ஒன்றைப் பற்றி மைத்துனன் வாய் திறந்தான். எரிந்து மூழ்கிய சரக்குக் கப்பலிலிருந்து நாற்பது பேரை எண்ணெய் மிதக்கும் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டார்களாம். பதினொரு பேர் மேல்தளத்திலேயே போய்விட்டார்கள். "ஒருத்தன் என் கையைப் பிடிச்சுட்டு விடவே இல்ல அத்தான். செத்த பிறகும்" என்றான். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. மறுநாள் முற்றுப்புள்ளி அந்த அட்டையை எடுத்து 'சேதம் இல்லை' என்ற வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாற்பது பேரை எழுத அட்டையில் கட்டம் இல்லை.

போர் முடிந்தது. அவன் முழுசாக வீடு வந்து சேர்ந்தான், துறைமுகத்தில் பம்பு ஓட்டும் வேலையும் கிடைத்தது. சாய்ந்தாடியை ஒரு ஓரத்தில் கட்டிப்போட்டார்கள். மூன்று வருடம் பாசி பிடித்துத் துருவேறி நின்ற பிறகு, உடைப்பதற்கு விற்றுவிட்டார்கள். உடைக்கும் இடம் வேறொரு கரையில், ஒன்பது நாள் பயணம். கப்பலுக்கு எஞ்சின் ஓடாது. ஒரு இழுவைக் கப்பல் கயிறு கட்டி இழுத்துப் போகவேண்டும். கயிற்றைப் பார்க்க, விளக்கு வைக்க, கசியும் தண்ணீரை இறைக்க, உள்ளே எட்டுப் பேர் வேண்டும். இவன் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றான்.

அக்கா குதித்தாள். "போர்லயே பொழைச்சு வந்தவன், இப்ப எதுக்குடா?"

"ஒம்பது நாள்தான்க்கா. நாலு வருஷம் என்னை மூழ்காம வச்சிருந்தவ. கடைசி நாள்ல தெரியாதவன் கையில விட்டு அனுப்பச் சொல்றியா?"

அவள் அவன் பைக்குள் ஒரு போர்வையை மடித்து வைத்தாள்.

இப்போது அந்த ஆபீஸ் வழக்கத்தைச் சொல்லியாகவேண்டும். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உடைக்கும் இடத்திலிருந்து 'உடைத்தாயிற்று' என்று காகிதம் வர ஐந்தாறு மாதம் ஆகும். வருட அறிக்கையோ அதுவரை காத்திருக்காது. அதனால் அங்கிருந்த ஹெட் கிளார்க் ஒரு சுருக்குவழி கண்டுபிடித்திருந்தார். உடைக்கப் போகிற கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிற அன்றே அட்டையை மூடிவிடுவது. 'முன்மூடல்' என்று அதற்கு ஒரு பெயர் வேறு. உடையப் போகிற இரும்பு உடையாமல் எங்கே போய்விடும் என்று நினைத்தார்கள். முப்பத்தொரு கப்பலை அப்படி மூடியிருந்தார்கள், ஒன்றிலும் வம்பு வரவில்லை.

கிளம்பும் நாள் காலையில் மைத்துனன் சொல்லிக்கொண்டு போக ஆபீசுக்கு வந்தான். தோளில் பை. முற்றுப்புள்ளியின் தட்டச்சு இயந்திரத்தில் அப்போது இருந்தது இருநூற்றுப் பதினேழாம் அட்டை. 'உடைக்கப்பட்டது' என்று அடித்துவிட்டு, அவன் பார்க்கும்படியே புள்ளியை ஓங்கிக் குத்தினார். அன்றைக்கு என்னவோ அலமாரி திறந்துகொண்டது.

"உன் கப்பலை உடைச்சுட்டேன்டா. நீ இன்னும் துறைமுகத்தையே தாண்டல."

அவன் குனிந்து படித்துப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். "அப்ப நான் எதுல போறேன் அத்தான்? காத்துலயா?"

பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவன் கையை ஆட்டிக்கொண்டே படியிறங்கிப் போனான்.

மூன்றாம் நாள் புயல் பிடித்தது. இழுவைக் கயிறு அறுந்தது. இழுவைக் கப்பல்காரர்கள் வானொலியில் கரைக்குச் செய்தி அனுப்பினார்கள்: எண் இருநூற்றுப் பதினேழு, உள்ளே எட்டுப் பேர், இன்ன இடம், உதவி அனுப்பவும். அன்று சனிக்கிழமை, முற்றுப்புள்ளி வீட்டில் இருந்தார். செய்தி அறை ஆள் எண்ணைச் சரிபார்க்கப் பதிவுப் பிரிவுக்கு ஓடிவந்தான். பச்சைப் பெட்டியில் அட்டை இல்லை. கறுப்புப் பெட்டியில் இருந்தது. உடைக்கப்பட்டது, முற்றுப்புள்ளி. புயலில் எண் மாறிக் கேட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அட்டை பொய் சொல்லும் என்று அந்தக் கட்டடத்தில் யார் நினைத்தார்கள்? 'அந்தக் கப்பல் உடைக்கப்பட்டுவிட்டது, எண்ணைச் சரிபார்க்கவும்' என்று பதில் போயிற்று. அதற்கப்புறம் இழுவைக் கப்பலின் வானொலியும் செத்துவிட்டது. அது தட்டுத் தடுமாறிக் கரை சேர்ந்து, அதன் தலைவர் நேரில் வந்து மேசையைத் தட்டிக் கத்திய பிறகுதான் விமானம் கிளம்பியது. கயிறு அறுந்து அது ஐந்தாம் நாள். வெறும் கடல்தான் தெரிந்தது. ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

ஹெட் கிளார்க் முற்றுப்புள்ளியை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். விஷயத்தைச் சொன்னதும் நம்ம ஆள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உன் மச்சினன் அதுல இருக்கான்னு எனக்குத் தெரியும்யா" என்றார் ஹெட் கிளார்க். "ஆனா இது வெளிய போச்சுன்னா உன் தலை, என் தலை, ரெண்டும் சேர்ந்து உருளும். புது அட்டை ஒண்ணு அடி."

அடித்தார். இருபத்து மூன்று 'சேதம் இல்லை'யையும் மறுபடி அடித்தார். 'முடிவு' கட்டத்தில் 'கதி தெரியவில்லை' என்று இரண்டு சொல். அந்தப் பிரிவில் இரண்டு சொல் விழுந்த ஒரே அட்டை அதுதான். பழைய அட்டையை ஹெட் கிளார்க் அடுப்பில் போட்டார்.

அன்று மாலை அவள் வாசலில் நின்றிருந்தாள், போர்க்காலத்தில் நின்ற மாதிரியே. அவர் சொன்னார்: "புயல்ல கயிறு அறுந்துபோச்சு. தேடறாங்க."

"உடனே தேடினாங்களா?"

"உடனே."

அவள் அதையும் நம்பினாள்.

அடுத்த பத்தொன்பது வருடத்தை எப்படிச் சொல்வது? அவள் தம்பியின் கட்டிலுக்கு மாதம் ஒரு தடவை விரிப்பு மாற்றினாள். துக்கம் விசாரிக்க வந்த உறவுக்காரர்களை, "யார் செத்தாங்கன்னு வந்தீங்க?" என்று கேட்டு விரட்டினாள். ஏதோ ஒரு தூரத்துத் துறைமுகத்தில் இடது பக்கம் சாய்ந்த சாம்பல் நிறக் கப்பல் ஒன்று நிற்கிறதாம் என்று ஒரு மாலுமி சொல்லிவிட்டான். இன்னொருவன், எண்ணை அழித்துவிட்டு வேறு கொடியோடு ஓடுகிறதாம் என்றான். இதையெல்லாம் அவளிடம் கொண்டுவந்து சொன்னது யார் என்கிறீர்கள்? நம்ம முற்றுப்புள்ளியேதான். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் அவள் சொல்லச் சொல்லக் கடிதம் அடித்துக் கொடுத்ததும் அவர்தான். எனக்கு அவரைத் திட்டவேண்டும் போல வருகிறது. கதி தெரியாதவரை தம்பி சாகவில்லை. தம்பி சாகாதவரை இவர் யாரையும் கொல்லவில்லை. அவள் நம்பிக்கைக்குப் பின்னால் அவர் ஒளிந்துகொண்டிருந்தார். அவளுக்கு அது தெரியாது. தெரிந்தால் தன்னோடு ஒரு நாள் இருக்கமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பயத்திலேயே தலை நரைத்தது.

இதற்கிடையில் அவரே ஹெட் கிளார்க் ஆகிவிட்டார். முன்மூடலை முதல் நாளே நிறுத்தினார். காரணம் கேட்டவர்களிடம் எரிந்து விழுந்தார்.

பத்தொன்பதாம் வருடம் ஒரு கடிதம் வந்தது. அந்த இழுவைக் கப்பலில் துணைத் தலைவராக இருந்தவர் எழுதியது. உடம்பு முடியாமல் படுத்திருக்கிறாராம், போவதற்குள் சொல்லிவிட வேண்டுமாம், அன்றைக்கு முதலாளி வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். 'கயிறு அறுந்த பிறகும் இரண்டு நாள் அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தோம். நாங்கள் வீசிய கயிறு ஒன்றும் போய்ச் சேரவில்லை. மேல்தளத்தில் ஒரு ஆள் விளக்கை ஆட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு நாளும் நிறுத்தவில்லை. எங்கள் எஞ்சினில் தண்ணீர் ஏறியதால் விட்டுவிட்டு வந்தோம். கரையிலிருந்து வந்த பதில் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதை இத்துடன் வைத்திருக்கிறேன்.' மடித்து மடித்துக் கிழிந்த ஒரு சீட்டு கூட இருந்தது. 'அந்தக் கப்பல் உடைக்கப்பட்டுவிட்டது, எண்ணைச் சரிபார்க்கவும்.'

அதைக் கோப்பில் போட்டு அலமாரியில் வைத்திருந்தால் ஒரு ஈ காக்கை கேட்டிருக்காது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வந்து, "என்னங்க, இன்னொரு கடிதம் அடிக்கணும். வடக்கே ஒரு துறைமுகத்துல பழைய கப்பல் ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

"வேண்டாம்மா" என்றார். "உட்காரு."

எல்லாவற்றையும் சொன்னார். அட்டை, புள்ளி, தம்பியோடு சிரித்தது, சனிக்கிழமை, ஐந்தாம் நாள் விமானம், அடுப்பில் போட்டது. கடிதத்தைப் படித்துக் காட்டினார்.

"ரெண்டு நாளா?"

"ரெண்டு நாள்."

"விளக்கு ஆட்டினது யாருன்னு போட்டிருக்கா?"

"இல்ல. ஒரு ஆள்னுதான் போட்டிருக்கு."

"உடனே தேடினாங்கன்னு சொன்னீங்களே."

அடிப்பாள், கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவாள், பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவாள் என்று அவர் என்னென்னவோ எதிர்பார்த்தார். அவள் எழுந்துபோய் அலமாரி மேலே இருந்த தட்டச்சு இயந்திரத்தைத் தூக்கிவந்து அவர் முன்னால் தொப்பென்று வைத்தாள்.

"எட்டுப் பேர் போனாங்க. மத்த ஏழு வீட்டுக்கும் எழுதுங்க. நீங்க பண்ணது மொதல் வரியில வரணும். புயலு, கயிறு எல்லாம் அப்புறம்."

'இருநூற்றுப் பதினேழாம் எண் கப்பலின் பதிவில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது' என்று ஆரம்பித்தார். அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டுத் தாளை உருவினாள்.

"நேர்ந்துச்சா? தானா நேர்ந்துச்சா?"

முப்பது வருடம் ஆபீசில் அவர் எழுதியதெல்லாம் தானாக நடந்ததுதான். மூழ்கியது, விற்கப்பட்டது, உடைக்கப்பட்டது. யார் செய்தார் என்று கேட்க அந்த மொழியில் இடமே கிடையாது. புதுத் தாளைச் செருகினார். 'உங்கள் மகன் போன கப்பலை, அது போய்ச் சேரும் முன்பே உடைத்தாயிற்று என்று நான் எழுதினேன். அதனால் உதவி போகவில்லை.' அவள் படித்துவிட்டு, "ம்" என்றாள்.

ஏழு கடிதமும் முடிய மதியம் தாண்டிவிட்டது. அவர் இயந்திரத்தை மூடப் போனார்.

"இன்னொண்ணு இருக்கு."

"யாருக்கு?"

"எட்டாவது வீட்டுக்கு. அவன் வீடு இதுதானே? எனக்கு எழுதுங்க."

"உனக்குத்தான் இப்ப எல்லாம் சொன்னேனே..."

"வாயால சொன்னதைத்தான் பத்தொம்பது வருஷமா நம்பினேன். எழுதுங்க."

மற்றக் கடிதங்களில் 'ஐயா' என்றும் 'அம்மா' என்றும் போட்டிருந்தார். இதில் எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டார். "மத்தவங்களுக்கு எப்படியோ அப்படியே" என்றாள். அதனால் முப்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்கு, 'அம்மா, உங்கள் தம்பி போன கப்பலை' என்று அடித்தார். எட்டு உறையிலும் அவளே தபால்தலை ஒட்டினாள். தனியாகவே போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

ஆபீசில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை அவரே எழுதிக் கொடுத்தார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணை மாதக்கணக்கில் நடந்தது, பதவியை இறக்கினார்கள். அட்டையை மட்டும் யாரும் தொடவில்லை. மூழ்கியதற்கு அத்தாட்சி இல்லையாம். எங்கே போயிற்று, எப்படிப் போயிற்று என்று இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது. 'கதி தெரியவில்லை' என்றேதான் இருக்கிறது.

அந்த வாரப் புதன்கிழமை பதினொரு மணிக்குத் தபால்காரர் வந்தார். வீட்டில் இருந்த முற்றுப்புள்ளி பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். "என் பேருக்கு வந்தது" என்று அவள் வாங்கிக்கொண்டாள். உள் அறைக்குப் போய்த் தம்பியின் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு உறையைப் பிரித்தாள். முதலில் மனசுக்குள் படித்தாள். அப்புறம் கடைசி வரியை மட்டும், எழுத்துக்கூட்டுகிற மாதிரி, வாய்விட்டுப் படித்தாள்.

"உங்கள் தம்பி இறந்துவிட்டார்."

காகிதம் மடியில் விழுந்தது. "டேய்" என்று ஒரு சத்தம் வந்தது அவளிடமிருந்து. பத்தொன்பது வருடம் கழித்து அன்றைக்குத்தான் அவள் தம்பிக்காக அழுதாள். தலையணையை வாரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஆறு வயசுப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள். அவர் தாங்கமாட்டாமல் எழுந்து அறை வாசல்வரை போனார்.

"நீங்க வராதீங்க" என்றாள்.

அவர் திரும்பி நடந்து, வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார்.